ஒரு வைஃபை டாங்கிளும் ஒன்றரை மீட்டர் கேபிளும்

அக்கா வீட்டு மாடியில் இருக்கும் மேசைக் கணினியில் வைஃபை ஒருவழியாக நிலைத்துவிட்டது. அக்கா பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணக்குச் சொல்லித் தருகிறாள். பாடத்தின் நடுவில் படம் உறைந்து நின்றால் எனக்குத்தான் அழைப்பு வரும். இப்போது ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த அழைப்பு இல்லை. லினக்ஸ் கணினிக்கு யூஎஸ்பி வைஃபை வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

கணினி பழையது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டியது: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எச்81 மதர்போர்டு. எஸ்எஸ்டி மட்டும் புதிதாகப் போட்டது. லினக்ஸ் மின்ட் 21.3, அதனுடன் வந்த 5.15 கெர்னல் (லினக்ஸின் உட்கரு நிரல்). போர்டில் வைஃபை கிடையாது. ரௌட்டர் கீழே வாசல் அறையில் இருக்கிறது. வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கேபிள் இழுக்க வழி இருந்தால் கேபிளே இழுங்கள், இந்தப் பதிவை இதற்கு மேல் படிக்க வேண்டாம். எங்களுக்கு அந்த வழி அடைபட்டதால்தான் 450 ரூபாய்க்கு ஒரு டாங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் சொருகும் வைஃபை கருவி, வாங்கினோம். கட்டைவிரல் நகம் அளவு. அட்டைப்பெட்டியில் ‘ஏசி600’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே என்ன சிப் என்று எங்கும் இல்லை.

சொருகியதும் வைஃபை வரவில்லை. அதற்குப் பதிலாக மேசைத்திரையில் ஒரு சிடியின் படம் முளைத்தது. சிடி டிரைவே இல்லாத கணினி அது. இந்த இடத்தில்தான் பலர் உடனே ‘டிரைவர் எங்கே கிடைக்கும்’ என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன், சொருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைத் தட்டிப் பார்ப்பது நல்லது. நான் பார்த்தபோது 0பிடிஏ:1ஏ2பி என்ற அடையாள எண்ணுடன் ஒரு வரி இருந்தது. 0பிடிஏ என்பது சிப் தயாரிக்கும் ரியல்டெக் நிறுவனத்தின் எண். 1ஏ2பி என்பது வைஃபை கருவியின் எண் அல்ல. டாங்கிள் தன்னை ஒரு சிடியாகக் காட்டிக்கொண்டிருக்கும் நிலையின் எண். விண்டோஸுக்கான டிரைவரை டாங்கிளுக்குள்ளேயே சிறு சிடி வடிவில் வைத்து விற்கிறார்கள். விண்டோஸில் டிரைவர் ஏறிய பிறகு சிடி மறைந்து வைஃபை வெளிப்படும். லினக்ஸில் அந்தச் சிடியை நாம்தான் வெளியே தள்ள வேண்டும். மேசைத்திரையில் அந்தப் படத்தின் மீது வலது சொடுக்கி ‘எஜெக்ட்’ கொடுத்தேன். அடுத்த நொடியில் எல்எஸ்யூஎஸ்பியில் எண் 0பிடிஏ:சி811 என்று மாறியது. அப்போதுதான் சிப்பின் பெயர் தெரிந்தது: ஆர்டிஎல்8811சியூ.

பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு இணையம் வேண்டுமே! ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளில் மாட்டி, அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்கினால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. டிரைவர் எதுவும் தேவையில்லை. இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த வழிதான் கைகொடுத்தது.

தேடும்போது ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ‘வயர்லெஸ் யூஎஸ்பி லினக்ஸ்’ என்று தேடினால் பழைய பக்கங்கள் நிறைய வரும். அவை வேறு சங்கதி. யூஎஸ்பி கேபிளையே ஒழித்துக்கட்டி ரேடியோ அலையில் தரவை அனுப்பும் ஒரு தொழில்நுட்பம் 2005இல் அந்தப் பெயரில் வரையறுக்கப்பட்டது. 3 மீட்டருக்குள் நொடிக்கு 480 மெகாபிட் என்பது அதன் வாக்குறுதி. லினக்ஸ் 2008இல் 2.6.28 கெர்னலிலேயே அதற்கு ஆதரவு கொடுத்தது. சந்தையில் கருவிகள் நிலைக்காததால் 2020இல் 5.7 கெர்னலோடு அந்த நிரல்கள் நீக்கப்பட்டுவிட்டன. அந்தப் பக்கங்களைப் பார்த்து இல்லாத மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டை) தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தச் சிப்புக்கான டிரைவர் 5.15 கெர்னலுக்குள் இல்லை. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில்தான் ரியல்டெக் சிப்புகளுக்கான ஆர்டிடபிள்யூ88 குடும்பத்து டிரைவர்கள் யூஎஸ்பி கருவிகளுக்கும் வேலை செய்யத் தொடங்கின. ஆக, முன்னால் இரண்டு வழிகள்: கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரை மூல நிரலிலிருந்து தொகுத்து ஏற்றுவது, அல்லது கெர்னலையே புதியதாக மாற்றுவது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் கைவைக்க வேண்டாம் என்று முதல் வழியில் போனேன். அது சுற்று வழி என்று போகப்போகத் தெரிந்தது.

கிட்ஹப்பிலிருந்து நிரலை இறக்கி, டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி தொகுக்கும் கருவி), தொகுப்பான், கெர்னல் ஹெடர் பொதிகள் எல்லாம் நிறுவி, அதனுடன் வந்த ஸ்கிரிப்டை ஓட்டினேன். பழைய ஐ5இல் தொகுத்து முடிக்கச் சில நிமிடங்கள் பிடித்தன. முடிந்ததும் மாட்யூலை ஏற்ற மாட்புரோப் கட்டளை கொடுத்தால் ‘சாவி நிராகரிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி. செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது. கையொப்பமில்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. மோக்யூடில் என்ற கட்டளை வழியாகச் சாவியை ஒரு கடவுச்சொல்லுடன் பதிவுசெய்து, கணினியை மறுபடி தொடங்கும்போது வரும் நீலத்திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்து ஒப்புதல் தர வேண்டும். அந்த நீலத்திரை சில நொடிகளே நிற்கும். விட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன் பிறகு வைஃபை வந்தது. அக்கா பாடம் நடத்தினாள். நானும் ஊருக்குத் திரும்பினேன்.

சில நாட்களில் அந்தத் தெருவில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது வைஃபை இல்லை. தொலைபேசியில் அக்கா சொன்ன அடையாளம் எனக்குப் போதுமானதாக இருந்தது: “அந்தச் சிடி படம் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறதடா.” வெறுமனே ரீஸ்டார்ட் கொடுக்கும்போது யூஎஸ்பி துளையில் மின்சாரம் அறுபடுவதில்லை, டாங்கிள் வைஃபை நிலையிலேயே இருந்துவிடுகிறது. சுவர் ஸ்விட்ச்சை அணைத்தாலோ மின்வெட்டு வந்தாலோ அது பிறந்த நிலைக்கு, அதாவது சிடி நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நான் அங்கே இருந்தவரை ரீஸ்டார்ட் மட்டுமே செய்து பார்த்திருந்ததால் இது கண்ணில் படவே இல்லை. யூஎஸ்பி கருவி எதையும் சோதிக்கும்போது சுவர் ஸ்விட்ச்சை அணைத்து, பத்து நொடி பொறுத்துப் போட்டுப் பார்ப்பது அன்றுமுதல் என் வழக்கமாகிவிட்டது.

இதற்குத் தீர்வு யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சிறு பொதி. அதை நிறுவி, -கே என்ற தெரிவுடன் 0பிடிஏ, 1ஏ2பி என்ற எண்களைக் கொடுத்தால் சிடியை வெளியே தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தானாக நடக்க, ஈடிசி அடைவுக்குள் இருக்கும் யூடெவ் (சொருகும் கருவிகளைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) விதிகளில் ஒற்றை வரிக் கோப்பு ஒன்று எழுதினேன்: இந்த எண்ணுள்ள கருவி தென்பட்டால் அந்தக் கட்டளையை ஓட்டு. யூடெவ் விதியில் கட்டளையின் முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும். யூஎஸ்ஆர் எஸ்பின் அடைவிலிருந்து தொடங்க வேண்டும். வெறும் பெயரை மட்டும் எழுதினால் யூடெவ் அதை வேறு அடைவில் தேடிவிட்டு ஓசையின்றிக் கடந்துபோய்விடும்.

அடுத்த இடி கெர்னல் புதுப்பிப்பில் வந்தது. புதிய கெர்னல் ஏறும்போது டிகேஎம்எஸ் தானாக டிரைவரை மறுபடி தொகுக்க வேண்டும். ஆனால் நான் இறக்கி வைத்திருந்த நிரல் புதிய கெர்னலோடு ஒத்துப்போகவில்லை. தொகுப்பு பாதியில் நின்றது. வைஃபை இல்லாததால் புதிய நிரலை இறக்க முடியாது; புதிய நிரல் இல்லாமல் வைஃபை வராது. மறுபடி போன் கேபிள்தான். வெளி டிரைவருடன் காலம் தள்ளுவதில்லை என்று அப்போது முடிவெடுத்தேன். மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளரில் கெர்னல்களைத் தேர்ந்தெடுக்கத் தனிப் பகுதி இருக்கிறது; அங்கிருந்து 6.8 கெர்னலை ஏற்றினேன். டிகேஎம்எஸ் பட்டியலிலிருந்து பழைய டிரைவரை நீக்கினேன். உள்ளேயே டிரைவர் இருக்கும் கெர்னல், பொருந்தும் சிப். இனிமேல் தடை ஏது?

ஆனாலும் வைஃபை வரவில்லை.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோடு -டி சேர்த்தால் எந்தத் துளையில் எந்தக் கருவி, என்ன வேகம், எந்த டிரைவர் என்று மரக்கிளை வடிவில் காட்டும். டாங்கிளுக்கு நேரே வேகம் 480எம் என்று இருந்தது. டிரைவர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. கருவி இருக்கிறது, சிடி நிலையிலும் இல்லை, ஆனால் யாரும் அதை ஏற்கவில்லை. இந்தச் சிப்புக்கும் உரிய ஆர்டிடபிள்யூ88_8821சியூ என்ற மாட்யூலைக் கையால் ஏற்றினேன். உடனே வைஃபை பட்டியல் வந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி வெறுமை. கையால் ஏற்றினால் ஏறுகிறது, தானாக ஏறவில்லை என்றால் யாரோ தடை போட்டிருக்கிறார்கள். மாட்புரோப் அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவில் 8821சியூ என்ற சொல்லைத் தேடினேன். பழைய டிரைவரின் ஸ்கிரிப்ட் போட்டுவைத்த கோப்பு அங்கே இருந்தது. அதற்குள் கெர்னலின் சொந்த டிரைவரைத் தடைசெய்யும் ஒரு வரி. இரண்டு டிரைவர்களும் மோதிக்கொள்ளாமல் இருக்க அந்த ஸ்கிரிப்ட் செய்த முன்னேற்பாடுதான் அது, அதைக் குறை சொல்ல முடியாது. நிறுவியபோது ஸ்கிரிப்ட் வழியாக நிறுவியவன், நீக்கும்போதும் அதன் நீக்கல் ஸ்கிரிப்டையே ஓட்டியிருந்தால் அந்தக் கோப்பும் போயிருக்கும். கோப்பை அழித்து, சுவர் ஸ்விட்ச்சையும் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தானாக வந்தது.

இனி வேகமும் நிலைப்பும். ரௌட்டரின் 192.168.1.1 முகவரிக்குப் பிங் (பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை) விட்டேன். கூகுளுக்குப் பிங் விடுவதில் பொருளில்லை; வெளியிணைப்பின் கோளாறும் வீட்டுக்குள் இருக்கும் கோளாறும் கலந்துவிடும். 3 மில்லிநொடி, 4, 3, திடீரென 280, மறுபடி 3 என்று வந்துகொண்டிருந்தது. சீரான இடைவெளியில் துள்ளினால் மின்சேமிப்பைச் சந்தேகிக்கலாம். நெட்வொர்க்மேனேஜரின் அமைப்பு அடைவில் வைஃபை பவர்சேவ் என்ற வரி 3 என்று இருந்தது. 3 என்றால் மின்சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. 2 ஆக்கினேன். கூடவே ஆர்டிடபிள்யூ88_கோர் மாட்யூலுக்கு ஆழ்ந்த மின்சேமிப்பை முடக்கும் தெரிவையும் கொடுத்தேன். துள்ளல் நின்றது. மேசைக் கணினிக்கு மின்சேமிப்பு எதற்கு?

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று மாலையே அக்கா அழைத்தாள். “நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதானடா மவுஸும் ஓடமாட்டேன் என்கிறது.”

அவளுடையது கம்பியில்லா விசைப்பலகை, மவுஸ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே குட்டி ரிசீவர். பெட்டியின் பின்பக்கம் சொருகியிருந்தது. நான் மவுஸைத் தொடவே இல்லை என்று சாதித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது மவுஸ் ஒழுங்காகத்தான் ஓடியது. பேட்டரி மாற்றிப் பார்த்தோம், மேசைவிரிப்பை எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. கிளம்பும் நேரத்தில் அக்கா பாடப் பதிவுகளை நகலெடுக்க வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினாள். நகல் ஓடத் தொடங்கியதும் சுட்டிக்குறி திரையில் தவளை மாதிரி தாவித்தாவிப் போனது. பிங்கைப் பார்த்தேன், பாதித் தரவுப் பொட்டலங்கள் தொலைந்துகொண்டிருந்தன. நகல் முடிந்தது, எல்லாம் சரியானது.

அந்த ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 3.0. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது அந்தக் கேபிளும் இணைப்பியும் பரந்த அலைவரிசையில் ரேடியோ இரைச்சலைக் கிளப்புகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் அதில் அடக்கம். பழைய வைஃபை அலைவரிசை அதுதான். கம்பியில்லா மவுஸ் பேசுவதும் அதில்தான். இன்டெல் நிறுவனம் 2012லேயே இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. எச்81 போர்டில் யூஎஸ்பி 3.0 துளைகள் இரண்டே இரண்டு. அக்காவின் பெட்டியில் இரண்டும் பின்பக்கம். அவற்றுக்கு இரண்டு விரற்கடை தள்ளி டாங்கிள், அதன் கீழே மவுஸ் ரிசீவர். மூன்றும் ஒரே மூலையில், தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்.

சந்தேகத்தை உறுதிசெய்வது எளிது. அதே டிஸ்க்கை முன்பக்க யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றி அதே கோப்புகளை நகலெடுத்தேன். நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் போன நகல் 35க்கு இறங்கியது. மவுஸ் ஒழுங்காக ஓடியது, பிங்கும் அசையவில்லை. பின்பக்க 3.0 துளைக்கு மாற்றியதும் மறுபடி தாவல்.

முதலில் கையில் இருந்த மலிவான நான்கு துளை ஹப் ஒன்றில் டாங்கிளைச் சொருகித் தள்ளி வைத்துப் பார்த்தேன். இரைச்சல் தொல்லை குறைந்தது. ஆனால் வேறு தொல்லை தொடங்கியது. டிஎம்இஎஸ்ஜி கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் ‘யூஎஸ்பி துண்டிக்கப்பட்டது’, ‘புதிய கருவி’ என்று மாறிமாறி வரிகள் விழுந்தன. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லிஆம்பியர்தான் உறுதி. கணினியின் யூஎஸ்பி 2.0 துளை நேரடியாக 500 தரும். வைஃபை டாங்கிள் தரவை அனுப்பும்போது 100 போதாது. ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைத்தெருவில் 130 ரூபாய்க்கு ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி வந்தேன். 2.0 கேபிள் போதுமா என்று கடைக்காரர் கேட்டார். போதும்; இந்த டாங்கிளே 2.0 கருவிதான். 3.0 கேபிளுக்குக் கூடுதல் பணம் கொடுத்து ஒரு பயனும் இல்லை.

டாங்கிளை மேசைக்கு மேலே, புத்தக அலமாரியின் ஓரத்தில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டினேன். ஐடபிள்யூ கட்டளையில் இணைப்பின் சிக்னலைப் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் இருந்தபோது -71 டிபிஎம், அலமாரியில் -58 (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது). டிரைவரோடு மல்லுக்கட்டிய அத்தனை நேரத்திலும் இந்த 13 டிபி மாதிரி ஒரு முன்னேற்றம் கிடைக்கவில்லை. மவுஸ் ரிசீவரைப் பெட்டியின் முன்பக்கம் மாற்றினேன். மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில் இப்போது தடையே இல்லை.

சிக்னல் ஏறியதால் 5 கிகாஹெர்ட்ஸையும் முயன்று பார்க்க முடிந்தது. முன்பு மாடிக்கு அது எட்டவே இல்லை. என்எம்சிஎல்ஐ கட்டளையால் இணைப்பின் பேண்ட் என்ற பண்பை ‘ஏ’ என்று வைத்தால் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் நிற்கும்; ‘பிஜி’ என்றால் 2.4. கீழே ரௌட்டரோடு கம்பியில் இணைத்த என் லேப்டாப்பில் ஐபெர்ஃப்3 ஓடவிட்டு அளந்தேன். 2.4இல் நொடிக்கு 40 மெகாபிட் சுமார். பழைய இடத்தில், டிஸ்க்கில் நகல் ஓடும்போது அது 6க்கு விழுந்திருந்தது. 5இல் 110இலிருந்து 120 வரை, நகல் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பெட்டியில் போட்டிருந்த 600 என்பது இரண்டு அலைவரிசைகளின் உச்ச இணைப்பு வேகங்களையும், அதாவது 433ஐயும் 150ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் உருட்டியது. இரண்டிலும் ஒரே நேரத்தில் இந்த டாங்கிள் பேசாது. இணையவழிப் பாடத்துக்கு 110 தாராளம்.

செலவு மொத்தம் 580 ரூபாய், போன் டேட்டா தனி. மறுபடி வாங்குவதாக இருந்தால் சிப்பின் பெயர் போடாத பெட்டியைத் தொட மாட்டேன். மீடியாடெக்கின் எம்டி7612யூ சிப்புக்கு 4.19 கெர்னலிலிருந்தே உள்ளேயே டிரைவர் இருக்கிறது. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூவுக்கு 5.18இலிருந்து. விலை கூடத்தான், ஆனால் டிகேஎம்எஸ், சாவிப் பதிவு, தடைக் கோப்பு என்று மேலே எழுதியதில் பாதி இருந்திருக்காது. நகம் அளவு டாங்கிளும் வேண்டாம். ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய டாங்கிளோ, சிறியதோடு எக்ஸ்டென்ஷன் கேபிளோ முதல் நாளே வாங்கிவிடுவேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. கணினி உறக்கத்துக்குப் போய் விழிக்கும்போது சில சமயம் டாங்கிள் விழிப்பதில்லை. மாட்யூலை இறக்கி ஏற்றினால் வந்துவிடுகிறது. விழிக்கும்போதெல்லாம் அதைச் செய்ய ஒரு சிஸ்டம்டி சேவை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அக்கா பாடம் முடிந்ததும் கணினியை அணைத்துவிடுகிறவள். தானியங்கி உறக்கத்தை மின்சார அமைப்பில் நிறுத்திவைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.